ஆறே முக்கால் கிலோ கம்ப்யூட்டர்

நாற்பத்து நான்கு வயதில், ஒரு முட்டியில் வலியையும் இரண்டு கண்களில் வெள்ளெழுத்தையும் வைத்துக்கொண்டு, முதன்முதலாக ஓர் உயர்ரக கேமிங் கம்ப்யூட்டர் கட்ட ஆசைப்பட்டவர்கள் என்னைத் தவிர ஷார்ஜாவின் முவைலா பகுதியில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்து உட்கார்ந்து வெட்கப்படலாம்.

ஆசை பழையது. கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காகத் துப்பாக்கிச் சண்டை விளையாடிய கூட்டத்தில் நானும் ஒருவன். நன்றாக விளையாடினேனா என்று கேட்காதீர்கள். என்னைத் தங்கள் அணியில் சேர்ப்பதற்காக அல்ல, எதிரணியில் தள்ளுவதற்காக இரண்டு அணிகளும் அடித்துக்கொள்ளும். அப்புறம் வேலை, கல்யாணம், ஷார்ஜா. பதினான்கு வருடமாக ஆபீஸ் லேப்டாப்பில் சிமென்ட் மூட்டைக் கணக்கு மட்டுமே ஓடியது. அண்மையில் ஒருமுறை மகளின் கம்ப்யூட்டரில் ஆன்லைனில் விளையாடப் போனேன். நான்கு நொடியில் என்னைச் சுட்ட பையன், என் இருமலை மைக்கில் கேட்டுவிட்டு, "அங்கிள், ஆர் யூ ஆல்ரைட்?" என்று விசாரித்தான். நல்ல வளர்ப்பு.

வளைகுடாவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்ப்போம். குக்கரானாலும் சரி, பிள்ளைக்கு சைக்கிளானாலும் சரி. என்றைக்காவது ஒருநாள் இதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்ற நினைப்பு கையிலேயே இருக்கும். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தை உடைத்தவள் என் மனைவி. மகள் பத்தாவது முடித்ததும், நாலு பேர் சேர்ந்தாலும் நகராத ஒரு தேக்கு மேசையை வாங்கி ஹாலில் போட்டாள். அதைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு டியூஷன் எடுத்தாள். "இவ பன்னெண்டு முடிக்கத வரைக்கும் பெட்டி படுக்கன்னு யாரும் இந்த வீட்டுல பேசப்பிடாது" என்று அறிவித்தாள்.

அந்த உற்சாகத்தில்தான் எனக்கும் அனுமதி கிடைத்தது.

"வாங்குதத பெருசா வாங்குங்க. அரகொறையா வாங்கிட்டு அப்புறம் ரெண்டு வருசம் பொலம்பாதீங்க. என்னால கேக்க முடியாது."

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஒரு பொருள் வாங்க மூன்று கடையில் விலை கேட்டு, ஒப்பிட்டு, அட்டவணை போட்டு, மேலே அனுப்புவதுதான் வேலை. அட்டவணை மாறினால் பழையதைக் கிழித்துப் போட மாட்டோம். முதலில் போட்டது ஆர் பூஜ்யம், அடுத்தது ஆர் ஒன்று, அப்புறம் ஆர் இரண்டு என்று எண் போட்டுப் பழையவற்றுக்கு மேல் புதியதைக் குத்தி வைப்போம். என்றைக்காவது யாராவது வந்து 'ஏன் மாற்றினாய்' என்று கேட்பான் என்பது எங்கள் தொழிலின் ஒரே தத்துவம். கழிவறைக் குழாய்க்கே இப்படிப் போடுகிறவன் கேமிங் கம்ப்யூட்டருக்குப் போடாமல் இருப்பேனா? ஆர் பூஜ்யம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டது.

அது ஒரு காவியம். ஒரு சின்னப் பிள்ளையை உள்ளே உட்கார வைக்கலாம் என்கிற அளவுக்குக் கண்ணாடி கேபினெட். அதில் ஒன்பது ஃபேன். பிராசசரைக் குளிர வைக்கத் தண்ணீர்க் குழாய். முப்பத்திரண்டு அங்குல மானிட்டர். கிராபிக்ஸ் கார்டு உலகத்தில் பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சி என்று இரண்டு உண்டு. நம்மூர்த் தேர்தலைவிட மோசமாக இணையத்தில் அடித்துக்கொள்வார்கள். நான் ஒரு வாரம் இரண்டு பக்கக் கூட்டத்துக்கும் போய்விட்டுக் கடைசியில் பச்சைக்குக் குத்தினேன். அந்தக் கார்டு அதன் சொந்தக் கனத்திலேயே தொங்கிப்போகும் என்று அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு சின்னத் தூண் வேறு. வீடு கட்டுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான கம்ப்யூட்டர் உண்டா?

எல்லாம் முடிவாகி, மறுநாள் கடைக்குப் போவதாக இருந்தது. அன்றைக்கு ஆபீஸில் மேலாளர் கூப்பிட்டார். ஜோர்டான்காரர். அவர் 'ஹபீபி' என்று அழைத்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். ஹபீபி என்று அழைத்துத் தேநீரும் வரவழைத்தால் ஆள் காலி. அன்றைக்குத் தேநீரோடு பிஸ்கட்டும் வந்தது. புது ப்ராஜெக்ட் மாஃபி, அதாவது இல்லை, என்றார், கம்பெனியைச் சுருக்குகிறோம் என்றார், என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அறுபது நாள் நோட்டீஸ். நான் பிஸ்கட்டைத் தின்றேன். ஏன் தின்றேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஊரில் வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். இங்கே என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் மனைவியின் விசா, மகளின் விசா, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் நிற்கின்றன. மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. அறுபது நாளைக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பொதுத்தேர்வு வருடத்தின் நடுவில் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். அந்த வகுப்பில் நடுவில் வருகிற பிள்ளையை எந்தப் பள்ளியும் லேசில் சேர்க்காது.

இதையெல்லாம் வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால் ஹாலின் மூலை காலியாக இருந்தது. மனைவி தன் டியூஷன் போர்டைப் படுக்கையறைக்கு மாற்றியிருந்தாள். மகள் தரையில் முட்டிபோட்டு, என் கம்ப்யூட்டர் மேசை வரப்போகும் இடத்தை டேப் ஒட்டிக் காட்டியிருந்தாள்.

"எப்படி?" என்றாள் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு.

"டேப் கோணலா இருக்கே" என்றேன்.

"அப்பா, யூ ஆர் இம்பாசிபிள்" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தோம். நோட்டீஸ் என் பையில் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு பொய் சொன்னவனுக்கு நாளை என்பது எவ்வளவு வசதியான நாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் கம்ப்யூட்டர் எனக்கு இன்னொரு விதத்தில் உதவ ஆரம்பித்தது. பால்கனியில் நின்று வேலை ஏஜென்டிடம் பேசுவேன். "யாரு?" என்று மனைவி கேட்டால் "கடைக்காரன், பவர் சப்ளை விஷயமா" என்பேன். சனிக்கிழமை இன்டர்வியூவுக்குப் போவேன். பர் துபாயில் பார்ட்ஸ் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, டையைக் காரில் கட்டி, வரும்போது காரிலேயே கழற்றுவேன். ஆனால் கடைக்குப் போனவன் வெறுங்கையோடும் வெறும் வாயோடும் திரும்ப முடியாதல்லவா? ஏதாவது ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். எனவே ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் ஒரு பார்ட் மாறியது.

முதல் இன்டர்வியூ ஜெபல் அலியில். என் பாதி வயதுப் பையன், ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டான். ஐந்து வாரத்தைக் கேட்டிருந்தாலாவது விமான நிலையம் என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்து, "மதர்போர்ட மாத்திட்டேன். சின்னதே போதும்" என்றேன். ஆர் ஒன்று.

அடுத்தது ஒரு மாலின் கீழ்த்தளத்தில், காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பில் நடந்தது. பின்னால் தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என் இன்டர்வியூ முழுவதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முடிந்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் கம்பெனிக்காரர்கள் காட்டவில்லை. அன்றைக்குக் கேபினெட் சுருங்கியது. அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டேன். "லீக் ஆகும்னு சொல்றாங்க." மானிட்டரும் போயிற்று. "இருக்குற டிவியிலயே மாட்டிக்கலாம்." மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஃபேன் நீலமா வெள்ளையா என்று எனக்கே அக்கறை போன பிறகும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு வந்து, "வெள்ளதான் பளிச்சுனு இருக்குமாம்" என்று சொன்னாள்.

இன்டர்வியூ நடக்காத நாட்களில் உண்மையாகவே கடைக்கும் போனேன். ஆபீஸில் எல்லோரும் என்னைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்; அப்படிச் செய்யாத ஒரே இடம் அதுதான். கடைக்காரர் மலையாளி. அவருடைய தமிழ் பாதி சினிமாவில் பிடித்தது, மீதி எங்களைப் போன்ற வாடிக்கையாளர்களிடம் பிடித்தது. ஆறாவது தடவை போனபோது, மிகச் சின்ன கேபினெட் ஒன்றைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் மாட்டினால் எத்தனை கிலோ வரும் என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்து கேபினெட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? கேமிங் பிசி வாங்குன்ன ஆளு ஸ்பீடு கேக்கும், லைட்டு கேக்கும். வெயிட் கேக்குன்ன ஆளு ரெண்டு டைப்பு மாத்திரம். ஒண்ணு, ஸ்டூடன்ட்." என் நரையைப் பார்த்தார். "சார் ஸ்டூடன்ட் அல்லல்லோ."

நான் சிரித்தேன். வீட்டம்மாவுக்கு முதுகுவலி, பெருக்கும்போது நகர்த்த வேண்டும் என்று என்னவோ சொன்னேன்.

"எத்தன நாள் உண்டு?" என்றார் தாழ்ந்த குரலில்.

"முப்பத்தேழு."

"வீட்டுல அறியுமா?"

நான் ஃபேன் விலையைக் கேட்டேன். அவரும் ஃபேன் விலையைச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதர்போர்டைச் சுருக்கியபோதும், குழாயை எடுத்தபோதும், மானிட்டரைத் தள்ளியபோதும் நானாக எதையும் முடிவு செய்ததாக நினைவில்லை. மனது இங்கே இருந்துகொண்டே வேலை தேடியது. கை மட்டும் தன் போக்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கடைக்காரர் ஆறு தடவையில் கண்டுபிடித்ததை, என்னோடு பதினெட்டு வருடம் குடித்தனம் செய்தவள் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து என்ன செய்தேன் தெரியுமா? ஆர் ஆறை அச்செடுத்துப் பிரிட்ஜில் ஒட்டினேன். எடைக்கு ஒரு கட்டம். வாரண்டி இந்தியாவில் செல்லுமா, செல்லாதா என்று இன்னொரு கட்டம். கட்டத்தை நிரப்பாமல் அட்டவணையை விட எனக்குக் கை வரவில்லை. தொழில் பழக்கம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டிய வேலை மிச்சம் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டிருக்கலாம். நான் அவ்வளவு பெரிய கோழை என்பது எனக்கு ஆச்சரியமில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் குளித்துவிட்டு வந்தால் தேக்கு மேசைமேல் பிரிட்ஜில் இருந்த ஏழு தாள்களும் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன, விடைத்தாள்களைப் போல. மனைவி கையில் சிவப்புப் பேனா.

"உக்காருங்க."

"இட்லி..."

"உக்காருங்கன்னேன்."

உட்கார்ந்தேன்.

"மொத தாளு. எல்லாம் சேத்து எத்தன கிலோ வரும்?"

"மானிட்டரோடயா?"

"ஆமா."

"முப்பது இருக்கும்."

"இது?"

"இருபத்தி ரெண்டு."

"இது?"

ஒவ்வொரு தாளாக என்னைக் கேட்டு எண்ணை எழுதி வட்டம் போட்டாள். டியூஷன் பிள்ளைகள் ஏன் அவளிடம் பயப்படுகிறார்கள் என்று விளங்கியது. கடைசித் தாளில் வட்டம் போட மட்டும்தான் வேலை. எண்ணை நானே எழுதியிருந்தேன்.

"ஆறே முக்கால்" என்று படித்தாள். "விமானத்துல கையில எத்தன கிலோ விடுவான்?"

"ஏழு."

"கால் கிலோ மிச்சம் வச்சிருக்கீங்க. எதுக்கு, பல்லு வெளக்குத பிரஷ்ஷுக்கா?"

இது மாதிரி ஒரு வசனத்தை அவள் சொன்னால் நான் அடுத்ததைச் சொல்வேன், அவள் அதற்கடுத்ததைச் சொல்வாள். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு அடுத்தது வரவில்லை.

"எப்ப சொன்னாங்க?" என்றாள்.

"இருபத்து நாலு நாளாச்சு."

பேனாவின் மூடியைப் போட்டாள். தரையைப் பார்த்தாள். மூலையில் டேப் இன்னும் ஒட்டியிருந்தது.

"அப்ப நாங்க அத ஒட்டிட்டு நின்ன அன்னைக்கே..."

"ஆமா."

"அன்னைக்கு வந்து டேப் கோணலா இருக்குன்னு சொன்னீங்க."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேல போச்சுன்னா போச்சு. ஒங்களுக்கு மட்டுமா போகுது? போன வருசம் எதுத்த வீட்டுக்காரங்களுக்குப் போகலியா? ஆனா நான் இருபத்து நாலு நாளா ஒங்க பக்கத்துல உக்காந்து ஃபேன் நீலமா வெள்ளையான்னு பேசிட்டு இருந்திருக்கேன். கிறுக்கி மாதிரி. அத நீங்க பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

"ஒன்ன பயமுறுத்த வேண்டாம்னு..."

"நான் பயந்தா என்ன? பயந்துக்கிட்டே ரெண்டு டியூஷன் கூட எடுத்திருப்பேன். எந்தங்கச்சி மாப்பிள்ள சவுதியில அல் கோபார்ல இருக்காரு, அவர்ட்ட கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துல போயி, பிள்ளைய எப்படியாச்சும் பரீட்ச வரைக்கும் வச்சுக்க வழியிருக்கான்னு விசாரிச்சிருப்பேன். அறுபது நாளு கெடச்சிருக்கு. அதுல இருபத்து நாலு நாள நீங்க ஒங்க ஒருத்தர் பயத்துக்குத் தின்னுட்டீங்க."

வேலை போனதில் என் தவறு ஒன்றுமில்லை என்று மேலாளரே சொன்னார். இந்த இருபத்து நாலு நாள் முழுக்க முழுக்க என் கொள்முதல்.

அவள் தாள்களை ஒன்றாக அடுக்கினாள். "போயி அவகிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லேன். நீ சொன்னா பக்குவமா..."

"நீங்கதான் சொல்லணும். சிரிப்புக் காட்டாம சொல்லணும்."

மகளின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் ஒரு காதிலிருந்து மட்டும் அதை நகர்த்தினாள்.

"அப்பாவுக்கு வேலை போயிடுச்சும்மா" என்றேன்.

என்னைப் பார்த்தாள். உதட்டின் ஓரம் லேசாக மேலே ஏறியிருந்தது, சிரிக்கத் தயாராக.

"அண்ட்?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவளிடம் நான் எதைச் சொன்னாலும் முதல் வரி பீதியாக இருக்கும், இரண்டாவது வரியில் சிரிப்பு வரும். கார் திருடு போய்விட்டது என்பேன்; அம்மா கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது என்பேன்; முதல் மதிப்பெண் என்று சொல்ல வந்திருக்கும். அவள் இப்போது அந்த இரண்டாவது வரிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"நிஜமாத்தான். ஜூலை வரைக்கும்தான் இருக்கு" என்றேன்.

"ஓகே, அண்ட்?"

"அவ்வளவுதான்மா. அண்ட் கிடையாது."

அவள் இன்னும் சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால், வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு காதிலிருந்தும் ஹெட்போனைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தாள்.